சாமைக்கு அப்புறம்தான் மாடு

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். மலைக் கால்நடை மருந்தகத்தில் அவர் மருத்துவராகப் பணியேற்று மூன்று மாதம்தான் ஆகிறது.

"மேடம், இங்க ஒரு புருஷன் பொண்டாட்டி வந்து நிக்கறாங்க. வெளியூர் வேலையை விட்டுட்டு, சொந்த நிலத்துலயே எல்லாத்தையும் விளைவிச்சி சாப்பிடப் போறாங்களாம். என்னென்ன கால்நடை வாங்கலாம்னு லிஸ்ட் கேக்கறாங்க. என்ன எழுதட்டும்?"

"இன்னிக்கு எதுவும் எழுதாதீங்க. ரெண்டு நாள் கழிச்சி வரச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. இதே முடிவோடு என் மேசை முன்னாலும் ஒரு தம்பதி நின்றிருக்கிறார்கள். நான் அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு நடந்ததை, மலைக்குப் போகிற நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் பணிக்காலத்தின் கடைசி ஐந்து ஆண்டுகள் கல்வராயன் மலையில் கழிந்தன. அதற்கு முன் முழுக்கச் சமவெளிதான். களமருதூர்ப் பக்கம் நெல், மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு. வைக்கோலுக்கும் கரும்புத் தோகைக்கும் பஞ்சமில்லாத ஊர்கள். ஒரு குடும்பம் நிமிர வேண்டுமா, நல்ல கலப்பின மாடு ஒன்றைக் கட்டிக்கொடு. அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது பலித்தும் இருந்தது. அந்த மூளையோடுதான் மலை ஏறினேன்.

மல்லிகாவும் அண்ணாமலையும் அந்த ஆண்டுதான் குடகிலிருந்து திரும்பியிருந்தார்கள். காப்பித் தோட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கூலி வேலை. இங்கே இரண்டரை ஏக்கர் சரிவு நிலம், பாதி கல். மற்றவர்கள் செய்வதைப் போல அதிலும் மரவள்ளி நட்டுவிட்டு, கிழங்கு பிடுங்கும் வரை எஸ்டேட்டில் இருப்பார்கள். மகளுக்கு ஒன்பது வயதாகியும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. பாதி வருடம் இங்கே ஒரு பள்ளி, பாதி வருடம் அங்கே பள்ளியே இல்லை. மல்லிகாவுக்கு அது பொறுக்கவில்லை.

முதல் ஆண்டு அவர்கள் செய்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. மரவள்ளியை அடியோடு விட்டார்கள். சாமை விதைக்கலாமென்றால் அந்த ஊரில் விதை இல்லை. எல்லோரும் கிழங்குக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இருவரும் மலையின் அந்தக் கோடி வரை ஊர் ஊராக நடந்து, ஒரு வீட்டில் இரண்டு படி, இன்னொரு வீட்டில் ஒரு படி என்று கேட்டு வாங்கி வந்தார்கள். நிலத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே வரப்புக் கட்டினார்கள். சாமை, கேழ்வரகு, ஊடே துவரையும் மொச்சையும், வீட்டுக் கூரை மேல் சுரைக்கொடி. மல்லிகாவின் அம்மா வீட்டிலிருந்து இரண்டு பெட்டை ஆடு, நாலைந்து கோழி. கீழேயிருந்து வாங்குவது உப்பு, எண்ணெய், தீப்பெட்டி, துணி. இந்த நான்கோடு சரி.

கோழிக்குச் சளி என்று ஒருநாள் மருந்தகத்துக்கு வந்த மல்லிகாவிடம், இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"மூணு பேரும் ஒரு வருசம் முழுக்க ஒரே வூட்ல இருக்கணுங்க. அவ்ளோதான்" என்றாள். "பெருசா ஒண்ணும் ஆசை இல்ல."

ஒல்லியான பெண். பேசும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்தவர்களுக்கு நாம் என்ன செய்வோம்? நம்மிடம் இருப்பதில் சிறந்ததைக் கொடுப்போம். இரண்டாம் ஆண்டு தை மாதம், அரசுத் திட்டத்தில் ஒரு கறவை மாட்டுக்கு அவர்கள் பெயரை நானே சேர்த்தேன். இருவரையும் மேசை முன்னால் நிற்க வைத்து, படிவத்தை நானே நிரப்பி, கையெழுத்து வாங்கினேன். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு அன்று மத்தியானம் சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது.

மாடு அழகான மாடு. செவலை நிறம், சாதுவான குணம். மல்லிகா அதற்குத் தனியாகக் கொட்டகை போட்டாள். ஆனால் அந்த மாடு குடிக்கிற தண்ணீரைக் கீழ்ப்பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமக்க வேண்டியிருந்தது. சாமைத்தாள் அதன் வயிற்றில் எந்த மூலைக்கு? தவிடு வாங்க அண்ணாமலை வாரத்துக்கு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு நடந்தார். அந்த ஊருக்குப் பால் வண்டி வருவதில்லை. கறந்த பாலை அவர்கள் குடித்தது போக, அக்கம்பக்கத்தில் சும்மா கொடுத்தார்கள். நான் போகும்போதெல்லாம் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. மாட்டின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததைப் பார்த்தேன். தாது உப்பு எழுதிக் கொடுத்தேன். பார்த்ததிலிருந்து எதையும் புரிந்துகொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு பங்குனி. காலை பத்தரை மணி இருக்கும். அண்ணாமலையிடமிருந்து அழைப்பு வந்தது. அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது, பேச வேண்டுமென்றால் ரோட்டு வளைவு வரை ஓடிவர வேண்டும். அவர் ஓடிவந்திருப்பது மூச்சிலேயே தெரிந்தது.

"டாக்டரம்மா, ஆடெல்லாம் வுழுந்து கெடக்குதுங்க. மாடும் நிக்க முடியாம தள்ளாடுது. கோவிந்தன் கொல்லையில பூந்து மரவள்ளித் தழையைத் தின்னுடுச்சி."

மரவள்ளித் தழையில் நஞ்சு உண்டு. அந்த மலையில் இது தெரியாதவர் யாருமில்லை. கிழங்கு பிடுங்கிய கொல்லைப் பக்கம் ஆட்டை விடமாட்டார்கள். பிறகு எப்படி? மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பங்குனி வெயிலில் அதற்குப் போடப் பச்சை எதுவும் இல்லை, பசி. பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தன் முந்தின நாள்தான் கிழங்கு பிடுங்கித் தழையைக் குவித்திருந்தார். மாடு போன வழியில் ஆடுகளும் போயின.

மருந்துப் பெட்டியைத் திறந்தேன். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. முந்தின வாரம் இன்னொரு ஊரில் பாதிக்கு மேல் செலவாகியிருந்தது. மறுபடி வரவழைப்பதற்கான கடிதத்தை எழுதி, அனுப்பாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தவள் நான்தான். நாளை அனுப்பலாம், நாளை அனுப்பலாம் என்று ஆறு நாள். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உதவியாளரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். மருந்து உடல் எடைக்கு ஏற்றபடி போடுவது. மாட்டுக்குப் போட்டால் மாட்டோடு தீர்ந்துவிடும். ஆடுகளுக்கு என்றால் ஐந்தாறு ஆட்டுக்கு வரும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இரண்டுக்கும் வராது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழு ஆடுகளில் இரண்டு இறந்திருந்தன. மீதி ஐந்தும் வாயில் நுரையோடு, காலை உதைத்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்துக் கிடந்தன. பத்தடி தள்ளி மாடு முன்னங்காலை மடித்து உட்கார்ந்திருந்தது. கொல்லை ஓரத்தில் கோவிந்தன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு மாட்டை நோக்கிப் போனேன். யோசிக்கவே இல்லை. பெரிய உயிர், விலை கூடின உயிர், என் கையெழுத்தோடு பதிவேட்டில் நிற்கிற உயிர். கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போயின.

மல்லிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மருந்து எவ்ளோ இருக்குதுங்க?"

வேறு யாரும் கேட்காத கேள்வி. பொய் சொல்ல நேரமில்லை. "மாட்டுக்குப் போட்டா ஆட்டுக்கு இல்ல. ஆட்டுக்குப் போட்டா மாட்டுக்கு இல்ல."

மாட்டைப் பார்த்தாள். ஆடுகளைப் பார்த்தாள். இரண்டு மூச்சு விடுகிற நேரம்.

"ஆட்டுக்குப் போடுங்க."

"இன்னா பேசற நீ?" அண்ணாமலை கத்தினார். "கவர்மெண்டு மாடு அது. செத்துப்போச்சின்னா நம்மளத்தான் புடிச்சிக் கேப்பாங்க."

"கேக்கட்டும். மாடு போனா பாலுதான் போவும். ஆடு போனா நெலமே போவும். மரவள்ளி போட்டுப் போட்டு செத்துப்போன மண்ணு அது. ஆட்டுப் புழுக்கை போட்டுத்தான் ரெண்டு வருசமா சாமையே தலை தூக்குது. இதுல மூணு ஆடு சினை." பிடித்த மணிக்கட்டை விடவில்லை. "சீக்கிரம் போடுங்க டாக்டரம்மா. நின்னுக்கினு இருக்காதீங்க."

நான் கல்லூரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தவள். மலையேறும்போது என் கைக்குக் கீழே மூன்று மருந்தகங்கள் இருந்தன. ஆனால் அந்த வீடு எதன் மேல் நிற்கிறது என்று அந்த நிமிடத்தில் தெரிந்திருந்தது அவளுக்குத்தான். பயத்தில் எல்லோருடைய புத்தியும் பெரிய பொருளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அவள் புத்தி சரியான பொருளைப் பிடித்தது.

"கேள்வி என்னைத்தான் கேப்பாங்க அண்ணாமலை. நீங்க ஆட்டோட காலைப் புடிங்க" என்று முதல் ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டேன்.

மற்றதை விரித்துச் சொல்ல வேண்டாம், அது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். ஐந்துக்கும் போட்டேன். கோவிந்தன் தானாகவே வந்து ஓர் ஆட்டின் தலையைத் தாங்கிக்கொண்டார். நான் மூன்றாவது ஆட்டில் இருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். மல்லிகா மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். காதை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். "போம்மா, போ. உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாடு அடங்கிய பிறகும் அந்தக் கை நிற்கவில்லை.

ஐந்தில் நான்கு ஆடுகள் எழுந்தன. சினையாக இருந்த மூன்றும் அந்த நான்கில் இருந்தன.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அரசு கொடுத்த மாட்டை விட்டுவிட்டுச் சொந்த ஆட்டைக் காப்பாற்றியதை எப்படி எழுதுவது? நான் போவதற்குள் மாடு இறந்துவிட்டது என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் மேலதிகாரிக்கு போன் போட்டேன். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது அவருக்கு. அதிகம் பேசாதவர். நடந்ததைச் சொன்னேன், மருந்து குறைந்ததையும் இழுப்பறைக் கடிதத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"அந்த இடத்துக்கு அந்த மாட்டை எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அப்ப அதையும் எழுதுங்க" என்றார். "மொதல் வரியே அதுவா இருக்கட்டும்."

எழுதினேன். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. மல்லிகா வீட்டு வாசலுக்கு விசாரணை என்று யாரும் போகவில்லை. அந்தக் கண்டனத்தை நான் வெட்கமாக நினைத்ததில்லை. உங்களுக்கும் ஒன்று வரலாம். எதற்காக வருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து ஆடுகளைப் பார்க்கப் போனேன். காலிக் கொட்டகையில் விறகு அடுக்கியிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"உனக்கு அந்த மாடு தோதுப்படாதுன்னு தெரிஞ்சிருக்கு. அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருக்கலாமே மல்லிகா?"

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "சொன்னனேங்க."

"எப்ப?"

"பாரத்துல பேரெழுதும்போது. சாமை ஒரு வருசத்துக்கு நிக்கட்டும், தீனிப்புல்லு வளரட்டும், அப்புறமா ஒரு மலை மாடு புடிச்சிக்கறோம்னு சொன்னேன். வயித்துக்கு மொதல்ல, வாய்க்கு அப்புறம்னு கூடச் சொன்னேன். நீங்க எழுதிக்கினு இருந்தீங்க."

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். முப்பது ஆண்டுப் பணியில் எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன், எத்தனை பேர் என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தார்களோ.

போன் செய்தவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்தத் தம்பதி மறுபடி வரும்போது, என்ன மாடு வேண்டும் என்று கேட்காதீர்கள். ஆடி மாதம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். தற்சார்பு வாழ்க்கையைப் பார்க்க நம் ஆட்கள் எல்லோரும் தை மாதத்தில்தான் போகிறார்கள். தையில் எந்த வீட்டிலும் தானியம் இருக்கும், பூசணி இருக்கும், படம் எடுத்தால் பச்சையாக விழும். மலையில் பழைய சாமை ஆடிக்குள் தீர்ந்துவிடும், புதுச் சாமை கைக்கு வரக் கார்த்திகை ஆகும். நடுவில் இருக்கிற அந்த மாதங்களில்தான் ஒரு குடும்பம் நிற்கிறதா விழுகிறதா என்று தெரியும்.

மல்லிகாவின் குடும்பமும் விழுந்திருக்கிறது. இதையும் சொல்லவேண்டும். முதல் நான்கு ஆண்டும் ஆடி பிறந்ததும் அண்ணாமலை குடகுக்குத்தான் போனார். எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரியின் ஜீப் ரோட்டு வளைவில் வந்து ஹாரன் அடிக்கும். ஊரில் பாதிப்பேர் பையோடு ஏறுவார்கள். அவரும் ஏறுவார். முதல் ஆண்டு நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தார். இரண்டாம் ஆண்டு மூன்று. மாடு செத்த ஆண்டு மறுபடி நான்கு. நான்காம் ஆண்டு ஒன்றரை. ஒவ்வொரு முறையும் ஊரார் "பாத்தியா, கடைசில எஸ்டேட்டுதான்" என்றார்கள். மல்லிகாவின் நிலத்தில் மறுபடி ஒரு கல்வரப்பு ஏறும். மறுபடி ஒரு துண்டு நிலத்துக்கு எருவுக்காக ஆட்டுப் பட்டி மாறும்.

ஐந்தாம் ஆண்டு ஆடியில், நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின மாதம், ஆடுகளுக்குத் தடுப்பூசி போட அந்த ஊருக்குப் போனேன். காலை எட்டு மணி. லேசான தூறல். மல்லிகா சாப்பிடச் சொன்னாள். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். கோடையில் சாப்பிட்ட பலாப்பழத்தின் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்திருந்து, தோண்டி எடுத்துச் சுட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குள் தொம்பை இருந்தது, தானியம் கொட்டி வைக்கிற மூங்கில் குதிர். எட்டிப் பார்க்க வேண்டும்போல இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

அப்போதுதான் வளைவில் ஹாரன் கேட்டது.

அண்ணாமலை எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டை நோக்கி நடந்தார். நான் மல்லிகாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து அவர் பின்னால் போனேன்.

ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பை, கம்பளி, சோற்றுத் தூக்கு. மேஸ்திரி முன் சீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"இன்னா அண்ணாமலை, பை எங்க?"

"வர்லண்ணா."

"ஏன், பொண்டாட்டி வுட மாட்டேங்குதா?"

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாமலையும் கொஞ்சம் சிரித்தார்.

"சாமை இருக்குதுண்ணா."

"இருக்கும் இருக்கும். எத்தினி நாளைக்கு?"

"கார்த்திகை வரைக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் பார்த்தார். டிரைவரைப் பார்த்து "போப்பா" என்றார்.

ஜீப் கியர் மாறுகிற நேரத்தில், பின் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அந்த ஊர்ப் பெண்தான்.

"அண்ணா, வெதை கொஞ்சம் மிச்சம் இருக்குமா?"

பதில் எங்கள் பின்னாலிருந்து வந்தது. மல்லிகா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"இருக்குது. ஊருக்கு வந்ததும் நேரா எங்க வூட்டுக்கு வா. உம் பேர்ல ரெண்டு படி எடுத்து வெச்சிருக்கறேன்."

அந்தப் பெண் தலையாட்டினாள். ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. தூறல் வலுத்தது. மல்லிகா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"மண்ணு ஈரமா இருக்கும்போதே களை எடுத்துடலாம், வா" என்று புருஷனைக் கூப்பிட்டாள். இருவரும் மேல் வரப்பை நோக்கி ஏறினார்கள்.